இலவச வைத்தியத்தின் விலையை மக்களே கூறட்டும்

அரச வைத்தியசாலைகளில் கட்டணம் அறவிடப்படுவதில்லை என்பதில் இலங்கையர் அனைவருக்கும் பெருமை உண்டு. 1951 இல் அக்கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடும் முறை கொண்டுவரப்பட்டபோது வைத்தியசாலைக்கு வருவோர் தொகை சடுதியாக வீழ்ச்சியுற்றது. 1977 இல் அம்முறை கைவிடப்பட்டது. அக்காலத்திலும் 25 சதம் பெருந்தொகையன்று. ஏழையை வாசலிலிருந்து திருப்பியனுப்ப அதுவே போதுமாயிருந்தது.

மாங்குளத்து நோயாளி இன்று கொடுக்கும் விலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் நெதர்லாந்தின் உதவியுடன் அமைக்கப்பட்ட புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் 2024 இல் திறந்துவைக்கப்பட்டது. யுத்தத்தில் அவயவங்களை இழந்தோரும் முள்ளந்தண்டு பாதிப்புற்றோரும் வாழும் வன்னிக்கு அது இன்றியமையாததே. ஆயினும் உட்கிராமமொன்றிலிருந்து சக்கர நாற்காலியுடன் ஒருவர் அங்கு வந்து திரும்ப ஓட்டோவுக்குக் கொடுக்கும் பணம் எந்த அமைச்சின் கணக்கிலும் பதிவாவதில்லை. புற்றுநோயாளி தெல்லிப்பழைக்குச் செல்ல வேண்டும். விசேட சிகிச்சை தேவைப்படுவோர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். துணைக்குச் செல்பவரின் நாட்கூலியும் அன்றைக்கு இல்லை.

இவற்றின் மேல் மருந்துச் செலவு. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்தபோது, நாட்டின் மருந்துத் தேவையில் பெரும்பகுதி இறக்குமதியிலேயே தங்கியிருந்த காரணத்தால், ஏப்ரல் இறுதியில் 60 வகை மருந்துகளின் உச்ச விலை ஒரே தடவையில் 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. வைத்தியசாலையில் மருந்து இல்லாதபோது, துண்டில் எழுதிக் கொடுக்கப்படும் மருந்தை வெளியே வாங்க முடிந்தவர் வாங்குகின்றார். முடியாதவர் பாதி மாத்திரையை விழுங்குகின்றார், அல்லது அடுத்த கிளினிக்கிற்கு வராது விடுகின்றார்.

இதனை யாரிடம் முறையிடுவது? ஆதார வைத்தியசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழ் வருபவை. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிவடைந்தது; உரிய காலத்தில் தேர்தல் நடத்தப்படாமல் ஆண்டுகள் பல கழிந்தன. வைத்தியசாலை அபிவிருத்திச் சங்கங்கள் ஆற்றிவரும் பணியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஊர்ப்பிரமுகர்களே அமர்கின்றனர் என்பதை வாசகர்கள் அறிவர்.

அயர்லாந்தில் 2016 இல் 99 பொதுமக்கள், சனத்தொகையைப் பிரதிபலிக்கும் விதத்தில் எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்டு மக்கள் பேரவையாக அமர்த்தப்பட்டனர். முதியோர் பராமரிப்பும் அதற்கான செலவும் 2017 இல் அவர்கள் ஆராய்ந்த விடயங்களுள் அடங்கும். அயர்லாந்து செல்வந்த நாடு என்று தட்டிக்கழிப்பவர்கள் தாய்லாந்தைப் பார்க்கலாம். 2007 ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின் வழியே 2008 முதல் அங்கு தேசிய சுகாதாரப் பேரவை கூடிவருகின்றது. அங்கு குலுக்கல் முறை இல்லை. அமைப்புகளின் பிரதிநிதிகளே பங்குபற்றுகின்றனர். அருகிலுள்ள தமிழ்நாட்டிலும், உலக வங்கியின் கடனுதவியுடனான சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ், மாவட்ட, மாநில சுகாதாரப் பேரவைகள் கூட்டப்பட்டுள்ளன.

அவ்வாறானதொரு பேரவையை மாங்குளத்தில் கூட்டுவதற்குப் பெரும் நிதி தேவையில்லை. வாக்காளர் இடாப்பிலிருந்து குலுக்கல் முறையில் 40 அல்லது 50 பேர் தெரிவு செய்யப்படலாம். யுத்தத்தில் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வன்செயல்களுக்கு அஞ்சி மலையகத்திலிருந்து வந்து குடியேறியோர், 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு மீண்டும் முல்லைத்தீவு மாவட்டத்திற்குத் திரும்பிய முஸ்லிம்கள் ஆகியோருக்கு அதில் உரிய இடம் உறுதிப்படுத்தப்பட வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வைத்தியசாலையின் வாங்கில் காத்திருப்பவர்கள். அவ்வைத்தியசாலை பற்றி ஒரே மேசையில் அமர்ந்து பேசும் வாய்ப்பு இரு சாராருக்கும் அரிதாகவே கிட்டியுள்ளது. வருபவர்களுக்கு அன்றைய கூலி வழங்கப்பட வேண்டும். அன்றேல் கூலியாட்கள் வரமாட்டார்கள், பிரமுகர்களே மீண்டும் வருவர்.

சாதாரண மக்களுக்கு வைத்தியம் தெரியாதே என்று சில அதிகாரிகள் கேட்கக்கூடும். அவர்களிடம் வைத்தியம் கேட்கப்படப் போவதில்லை. கிளினிக் நாட்களைப் பஸ் நேரங்களோடு பொருத்த முடியுமா, நீண்டகால நோயாளருக்கு மருந்தைக் கிராமத்திலேயே விநியோகிக்க முடியுமா, உள்ள பணத்தில் எதற்கு முதலிடம் என்பவையே வினாக்கள். பேரவையின் ஒவ்வொரு விதந்துரைக்கும் மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் பதிலளிக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் முன்கூட்டியே விதிக்கப்பட வேண்டும். முடியாது என்பதும் ஒரு பதில்தான். ஆனால் அதற்கான காரணம் எழுதப்பட்டு, வைத்தியசாலை அறிவித்தற்பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும்.