பழுது பெருக்கியிலா, இணைப்பிலா?

இசைத்தட்டு, ஒலிநாடா, வானொலி, குறுந்தகடு, தொலைக்காட்சி, கைப்பேசி ஆகிய யாவற்றின் ஒலியையும் ஒரே ஸ்டீரியோ ஆம்ப்ளிபயரின் வழியாகக் கேட்பது இன்று இல்லங்களில் எளிதாகியுள்ளது. ஆயினும் ஒலி சற்றுக் குறைந்தாலோ, இரைச்சல் எழுந்தாலோ, ‘ஆம்ப்ளிபயர் கெட்டுவிட்டது’ என்று உடனே முடிவு கட்டுவோர் பலர். ஆராயாமல் எய்தும் இம்முடிவு கைவிடத்தக்கது. இதனால் நேரும் இழப்பு கருவியின் விலையோடு நிற்பதில்லை. களப்பணியாளர் ஒருவர் பதிவு செய்த நாட்டுப்பாடலோ, மறைந்த முதியவர் ஒருவரின் பேச்சோ, இணைப்புத் தவற்றால் தெளிவின்றி ஒலிக்குமாயின், நாடாவே கெட்டது என எறியப்படவும் கூடும். அத்தகைய பதிவை மீண்டும் பெற இயலாது.

ஆம்ப்ளிபயர் என்னும் பெருக்கியின் பின்புறத்திலுள்ள செருகுவாய்கள் தோற்றத்தில் ஒத்திருப்பினும் இயல்பில் வேறுபட்டவை. இசைத்தட்டுக் கருவியில் காந்த வகை ஊசித்தலை தரும் மின்னழுத்தம் பொதுவாக 5 மில்லி வோல்ட் அளவினது. குறுந்தகட்டுக் கருவியோ உச்ச நிலையில் 2 வோல்ட் வரை தரவல்லது. அதாவது, 400 மடங்கு மிகுதி. ‘போனோ’ என்று குறிக்கப்பட்ட வாய் முன்னதற்கென அமைந்தது. ஏனைய வாய்கள் பின்னதைப் போன்ற வலிய மூலங்களுக்கு உரியவை. குறுந்தகட்டுக் கருவியைப் போனோ வாயில் செருகினால் ஒலி கரகரத்துச் சிதையும். காந்த வகை ஊசித்தலையை வேறு வாயில் செருகினாலோ ஒலி மெலிந்து, கீழ்ச்சுருதி இன்றிக் கேட்கும்.

மெலிவதன் காரணம் எளிது. கீழ்ச்சுருதி குன்றுவதற்குக் காரணம் இசைத்தட்டைப் பதியும் முறையாகும். வரிப்பள்ளம் அளவுக்கு மீறி அகலாதிருக்கக் கீழ்ச்சுருதியைக் குறைத்தும், ஊசியின் உராய்வொலி மேலோங்காதிருக்க மேற்சுருதியை உயர்த்தியும் பதிகின்றனர். 1954ஆம் ஆண்டில் அமெரிக்க இசைத்தட்டுத் தொழில்துறைச் சங்கம் வகுத்த நெறிப்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட, 50 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகக் குறைக்கப்படுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலி ஏறத்தாழ ஐந்து மடங்காக உயர்த்தப்படுகிறது. இவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் சுற்று போனோ வாயை அடுத்தே அமைந்துள்ளது. படிக வகை ஊசித்தலை கொண்ட பழைய கருவிகளும், முன்பெருக்கியை உள்ளடக்கிய புதிய கருவிகளும் இவ்விதிக்கு விலக்கு. அவற்றை ஏனைய வாய்களிலேயே இணைத்தல் வேண்டும்.

பழைய பெருக்கிகள் பலவற்றில் ‘டேப் மானிட்டர்’ என்னும் பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால், ஒலிநாடாக் கருவியிலிருந்து திரும்பி வரும் ஒலியை மட்டுமே பெருக்கி ஏற்கும். நாடா ஓடாதபோது அப்பொத்தான் அழுந்தியிருப்பின், தேர்வுக் குமிழை எம்மூலத்திற்குத் திருப்பினும் ஒலி எழாது. இதனை அறியாதார் நல்ல கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் சுமந்து செல்கின்றனர்.

எனவே, ஐயம் எழும்போது முதலில் வேறொரு மூலத்தைத் தேர்ந்து கேட்டல் வேண்டும். அது தெளிவாக ஒலித்தால், முந்திய மூலத்தையோ அதன் இணைப்பையோ ஆராய்தல் தகும். இடப்புற ஸ்பீக்கர் மட்டும் ஒலிக்கவில்லையாயின், மின்சாரத்தை நிறுத்தியபின், மூலத்திலிருந்து வரும் இட வலக் கம்பிகளைப் பெருக்கியில் இடம் மாற்றிச் செருகலாம். மௌனம் வலப்புறத்திற்கு மாறினால் குறை மூலத்திலோ அதன் கம்பியிலோ உள்ளது. இடப்புறத்திலேயே நின்றால் பெருக்கியிலோ ஸ்பீக்கரிலோ அதன் கம்பியிலோ உள்ளது. ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றி விளைவை நோக்கும் இம்முறையே ஆய்வுக்கூடத்தின் முறையுமாகும். வகுப்பறையில் இதனைச் செய்து காட்டும் ஆசிரியர் ஒலியியலோடு அறிவியல் முறையையும் கற்பிக்கிறார்.

புதிய கருவிகள் கம்பியின்றியே இணைவதால் இவ்வறிவு இனித் தேவையில்லை எனச் சிலர் கூறலாம். கருவிகள் மாறினும், முன்னாளில் பதிந்த தட்டுகளும் நாடாக்களும் மாறவில்லை. அவற்றைக் கேட்கவும் படியெடுக்கவும் இவ்வறிவு இன்றியமையாதது. இது தொழிலறிந்தோரின் வேலை என்னும் கூற்றிலும் பாதியே உண்மை. பெருக்கியின் மூடியைத் திறப்பது அவர்களுடைய வேலைதான். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் உள்ளேயுள்ள மின்தேக்கிகளில் தீங்கு தரும் மின்னூட்டம் எஞ்சியிருக்கக்கூடும். ஆனால் செருகுவாயையும் பொத்தானையும் அறிவது பயன்படுத்துவோர் யாவரின் கடமையாகும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பெயர் பொறித்த வாய்களுக்கருகே, எம்மூலம் எங்கே என்று தமிழில் எழுதிய சிறு சீட்டுகளை ஒட்டலாம். மூலத்தை மாற்றுமுன் ஒலியளவைக் குறைக்கவும் என்னும் ஒரு வரியையும் சேர்க்கலாம். வலிய மூலம் திடீரென ஒலித்தால் ஸ்பீக்கருக்கும் செவிக்கும் கேடு நேரக்கூடும். இவ்வளவையும் ஆராய்ந்த பின்னரும் குறை தீராவிடின், அப்போது பெருக்கியைப் பழுது என்று கூறலாம். அதற்கு முன் கூறுவது முறையன்று.