துண்டுச் சீட்டும் பூட்டிய சான்றிதழும்



தொழிலாளி கூலி குறைந்தால் கேட்டுப் பார்க்கிறான். வேலைநேரம் மிகுந்தால் முறையிட்டுப் பார்க்கிறான். இழிசொல் வந்தால் பொறுத்துப் பார்க்கிறான். எதனாலும் பயனில்லையாயின், "நான் போகிறேன்" என்று சொல்லி எழுந்து நடக்கும் உரிமை ஒன்றே அவன் கையில் எஞ்சி நிற்பது. அதனையும் பறித்துக்கொண்டால் அவன் கூலியாள் அல்லன், கொத்தடிமை.

இவ்வுரிமையைப் பறிக்கும் வழிகளை முதலாளிமார் நெடுங்காலமாகவே அறிந்து வைத்துள்ளனர். நம் இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வறட்சியால் துரத்தப்பட்டோர் பலர் இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போயினர். கண்காணி என்னும் தூய தமிழ்ச்சொல் அங்கே கங்காணி எனத் திரிந்தது. சொல் திரிந்ததோடு தொழிலும் திரிந்தது. வழிச்செலவே கடனாக ஏற, உழைப்பவன் கடனாளியாகவே தோட்டத்திற்குள் நுழைந்தான். ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக விரும்பினால், அவன் கடன் இவ்வளவு என்றும் அதைக் கட்டினால் விடுவிக்கப்படுவான் என்றும் துரை எழுதித் தரும் 'துண்டு' வேண்டும். துண்டில்லாதவனை மற்றொரு தோட்டத்தார் ஏற்கார். புதிய துரை கடனைக் கட்டினாலும், அது புதிய கணக்கில் ஏறி அவனையே தொடரும். இக்கொடுமை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பெற்றது.

இங்கிருந்தோர் நிலையும் மேலானதன்று. முன்பணம் பெற்ற தொழிலாளி வேலையை விட்டு நீங்கினால், அவனை நடுவர்முன் நிறுத்தவும், பணத்தைத் திருப்பாமலும் வேலைக்குத் திரும்பாமலும் இருந்தால் மூன்று திங்கள் வரை கடுஞ்சிறையில் இடவும் ஆங்கிலேயர் 1859இல் சட்டம் செய்தனர். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் பண வழக்கு. தொழிலாளி மீறினால் சிறை! அச்சட்டத்தை நீக்க 1925இல் சட்டம் இயற்றப்பெற்று, 1926இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

செட்டிநாட்டார்க்கு மற்றொரு முறையும் தெரியும். பருமாவிலும் மலையாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், தம் கடைகளுக்கு அனுப்பிய முகவர்க்குப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை வைத்தனர். சம்பளம் முன்னரே பேசப்பெற்றது. தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்பலாம். தொடக்கமும் முடிவும் இருதரப்பாரும் அறிந்தவை. தோட்டத் தொழிலாளிக்கு வாய்க்காதது இந்த முடிவுதான்.

இன்று துண்டு இல்லை. அதன் இடத்தில் சான்றிதழ் வந்துள்ளது. எம்மிடம் பயின்ற பெண்ணொருத்தி தனியார் பள்ளியொன்றில் ஆசிரியப் பணியேற்றாள். சேர்ந்த அன்றே அவளுடைய மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பேழையில் பூட்டினர். பேசிய சம்பளம் ஒன்று, கொடுத்தது வேறொன்று. விலகுகிறேன் என்றதும், மூன்று திங்கள் சம்பளத்தைக் கட்டிவிட்டுச் சான்றிதழை எடுத்துச் செல் என்றனர். பஞ்சாலைகளில் 'சுமங்கலி' என்று வடசொற் பெயர் சூட்டி, மூன்றாண்டு முடிவில் மணச்செலவுக்குத் தொகை தருவதாக ஏழைப் பெண்களை அழைத்து, இடையில் விலகியவர்க்கு அத்தொகையை மறுத்ததும் இவ்வகையதே. பெயர் மங்கலம், செயல் விலங்கு.

"ஆண்டின் நடுவில் ஆசிரியர் போனால் மாணவர் நிலை என்ன?" என்று பள்ளி நடத்துவோர் கேட்பர். கேள்வி முறையானதே. அதற்கு முன்னறிவிப்புக் காலம் என்னும் ஏற்பாடு உண்டு. அதை எழுதி, இருவரும் மதிக்கலாம். ஒருவர் பல்லாண்டு படித்து ஈட்டிய சான்றிதழ் அடகுப்பொருள் ஆகாது. குறைந்த அளவுக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடுக்கும் வன்கொத்து வேலையே என இந்திய உச்சநீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. விலகியவர்க்குரிய சம்பளத்தை இரண்டு வேலைநாள்களுக்குள் கொடுத்தல் வேண்டும் என்கிறது, 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள சம்பளத் தொகுப்புச் சட்டம். சட்டம் ஏட்டில் உறங்க, சான்றிதழ் பேழையில் உறங்குகிறது!

இதில் மொழியின் பங்கும் உண்டு. பணியாணையும் பிணை ஆவணமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்நாட்டு முதலாளி தமிழ்நாட்டுத் தொழிலாளியோடு செய்யும் உடன்படிக்கைக்கு ஆங்கிலம் எதற்கு? கையொப்பமிடுவோன் அறியலாகாது என்பதற்கன்றி வேறெதற்கு? தமிழ்நாட்டில் எழுதப்பெறும் பணி உடன்படிக்கை ஒவ்வொன்றும் தமிழில் இருத்தல் வேண்டும் என்று அரசு ஆணையிடுக.

இளையோர்க்கு நாம் சொல்வது இது. மூலச் சான்றிதழை எவர் கேட்பினும் காட்டுக; படியைக் கொடுக்க; மூலத்தை விட்டு வாராதீர். புரியாத தாளில் ஒப்பமிடாதீர். விலகத் துணிந்தால் சினத்தில் கத்திவிட்டு வெளியேறாதீர். நாளிட்டு, தமிழில் மடல் எழுதி, பெற்றமைக்கு ஒப்பம் வாங்குக. தனியே நின்று அஞ்சுவோர் தொழிலாளர் அலுவலகத்திற்கு நால்வராய்ச் செல்க.

தமிழ்ப் பற்றுடைய முதலாளிமாரே! கடைப்பெயரைத் தமிழில் எழுதியதோடு கடமை முடியவில்லை. உங்கள் பேழையில் பிறர் சான்றிதழ் கிடக்குமாயின், நாளைக் காலையிலேயே எடுத்துக் கொடுங்கள்.