தங்க பிளக் போட்டால் பாட்டு இனிக்குமா?

ஸ்பீக்கருக்குத் தங்க முலாம் பூசிய பிளக், ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஒயர் என்று பாட்டுப் பிரியர்களின் பர்சைக் காலி செய்ய ஒரு கூட்டமே கிளம்பி இருக்கிறது. மாட்டியதும் பாட்டு தேனாய்ப் பாயுமாம்!

தங்கம் கறுக்காது. பிளக் பல வருடம் உழைக்கும். அவ்வளவுதான், இனிமைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

ஒயர் கதை இன்னும் வேடிக்கை. ஆம்ப்ளிபயரில் இருந்து 5 மீட்டர் தூரத்தில் ஸ்பீக்கர். போக, வர 10 மீட்டர். சாதாரண 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர் போட்டால் அதன் மின்தடை சுமார் 0.12 ஓம். ஸ்பீக்கரோ 8 ஓம்! இந்தச் சுண்டைக்காய் தடை எந்தக் காதுக்குக் கேட்கும்? எலக்ட்ரிக் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற ஒயரே போதும்.

சந்தேகமா? ரிச்சி தெருவுக்குப் போனால் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு ஒயரையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எது எது என்று கண்டுபிடித்தால் தாராளமாய் வாங்குங்கள். (கடைக்காரர் சம்மதிக்க வேண்டுமே!)

மூலையில் திணித்த ஸ்பீக்கரை இரண்டடி முன்னால் இழுத்தாலே 'தொம் தொம்' குறையும். எதிர்ச் சுவரில் கனத்த திரை தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். இசைத்தட்டு கேட்கிறவர்கள் தேய்ந்த ஊசியை முதலில் மாற்றட்டும். அந்தச் செலவைக் கேட்டு யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், வீட்டு அம்மா உட்பட!