மலிவாக வாங்கலாம், ஏமாறாமல் வாங்கவேண்டும்!

டோல்கேட்டில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. கணவனுக்குத் துறைமுகப் பக்கம் வேலை. வீட்டில் ஒரு ஆசை. ஞாயிற்றுக்கிழமையன்று எல்லோரும் உட்கார்ந்து நல்ல பாட்டுக் கேட்கவேண்டும்! செல்போனில் கேட்டால் தகரத்தைத் தட்டுவது போல இருக்கிறது. புதிதாக ஒரு நல்ல ஹை-பை செட் வாங்கவோ கையில் பணம் இல்லை.

சீட்டுப் பணம் 5,000 ரூபாய் வந்தது. "பழைய செட் இருக்கிறது. 1,000 வாட்! பெட்டியைப் பாருங்கள், எவ்வளவு பெரிது!" என்றார் ஒருவர். பணம் கைமாறியது. செட் வீட்டுக்கு வந்தது. மூன்றாம் நாள் புகை வந்தது. பாட்டு நின்றது.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் இப்படிப் பணத்தை இழப்பதற்குப் பெரிய சதி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு எண்களைப் படித்துப் பார்க்காமல் விட்டால் போதும்!

பழையது என்றால் மட்டமா?

இல்லை. பழைய ஸ்பீக்கர் வாங்குவது கேவலமும் அல்ல, முட்டாள்தனமும் அல்ல.

காந்தத்தின் நடுவே ஒரு கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருளில் மின்சாரம் பாய்ந்தால் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. காற்று அதிர்கிறது. பாட்டுக் கேட்கிறது. இந்த முறையை 1925-ம் ஆண்டில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் சீராக்கிக் காட்டினார்கள். நூறு ஆண்டு ஆகியும் பெரும்பாலான ஸ்பீக்கர்கள் இதே முறையில்தான் பாடுகின்றன. ஆகவே, 30 ஆண்டுக்கு முன் நன்றாகச் செய்த ஸ்பீக்கர், இன்று மலிவாகச் செய்த புது ஸ்பீக்கரை விட இனிமையாகப் பாடக்கூடும்.

சென்னைக்கும் பழைய சாமான் வியாபாரம் புதிதல்ல. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட் பழைய சாமான்களுக்குப் பேர்போனது. 1985-ம் ஆண்டு மே 30-ந்தேதி அது தீயில் எரிந்தது. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் துறைமுகத்துக்கு எதிரே பர்மா பஜாரை உண்டாக்கினார்கள். வெளிநாட்டு டேப் ரிக்கார்டர்களைத் தேடி ஒரு காலத்தில் ஊரே அங்கே போயிற்று. இன்று ரிச்சி தெருவும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் இருக்கின்றன. டோல்கேட் மெட்ரோ நிலையம் 2021-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் திறக்கப்பட்டது. அங்கே ஏறினால், வண்டி மாறாமல் மண்ணடியில் இறங்கிப் பர்மா பஜாருக்குப் போகலாம். அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகலாம்.

போவது எளிது. பார்த்து வாங்குவதுதான் கடினம்.

முதல் எண்: வாட்

பெட்டியின் முன்னால் "1,000 வாட்" என்று தங்க நிறத்தில் எழுதியிருக்கும். அதை நம்பவேண்டாம். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கவேண்டும். அங்கே சிறிய எழுத்தில், அது எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று போட்டிருக்கும். "60 வாட்" என்று இருக்கிறதா? அப்படியானால் 1,000 வாட் எங்கிருந்து வரும்? ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பத்துக் குடம் வருமா?

கண் இமைக்கும் நேரத்துக்கு வரும் உச்ச சத்தத்தைப் பலமடங்கு பெருக்கிப் போடும் கணக்கு ஒன்று உண்டு. "பி.எம்.பி.ஓ." என்று அதற்குப் பெயர். அது விளம்பரக் கணக்கு. தொடர்ந்து எவ்வளவு தரும் என்பதைச் சொல்வது "ஆர்.எம்.எஸ்." கணக்கு. அதைத்தான் கேட்கவேண்டும்.

வீட்டுக்கு எவ்வளவு வாட் வேண்டும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு, பக்கத்துக்கு 20 அல்லது 30 வாட் உண்மையாக இருந்தால் தாராளம். அமைதியாகப் பாட்டுக் கேட்கும்போது ஓரிரண்டு வாட்டுக்கு மேல் செலவாவதில்லை!

ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வித்தியாசமும் உண்டு. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்று நல்ல கம்பெனிகள் போட்டிருக்கும். 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 4 வாட் தேவைப்படும் இடத்தில், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் போதும். சிறிய ஆம்ப்ளிபயர் வைத்திருப்பவர் இந்த எண் அதிகமாக உள்ள ஸ்பீக்கரைத் தேடவேண்டும்.

இரண்டாவது எண்: ஓம்

மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள். ஆம்ப்ளிபயருக்கும் ஸ்பீக்கருக்கும் பொருத்தம் பார்ப்பது அதைவிட எளிது. ஒரே ஒரு எண்தான். அதன் பெயர் ஓம்.

மின்சாரம் பாய்வதற்கு ஸ்பீக்கர் காட்டும் தடைதான் ஓம். ஸ்பீக்கரின் முதுகில் 4, 6, 8 என்று எழுதியிருக்கும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். எண் சிறிதாக இருந்தால் சுமையும் சிறிது என்று நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர்! 8 ஓம் ஸ்பீக்கர் இருந்த இடத்தில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால், அதே அளவு திருகியதும் இரண்டு மடங்கு மின்சாரம் பாயும். மீன்பாடி வண்டியில் லாரிச் சரக்கை ஏற்றினால் என்ன ஆகும்? அதுதான் ஆம்ப்ளிபயருக்கும் ஆகும். சூடேறும். டிரான்சிஸ்டர் எரியும்.

ஆம்ப்ளிபயரின் பின்னால் "8 ஓம் முதல் 16 ஓம் வரை" என்று இருந்தால், 4 ஓம் ஸ்பீக்கர் மாட்டக்கூடாது. "4 ஓம் முதல்" என்று இருந்தால் இரண்டும் மாட்டலாம்.

ஒரே பக்கத்தில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்கம் பக்கமாக இணைத்தால் 4 ஓம் ஆகிவிடும். ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் 16 ஓம் ஆகும். "கூட ஒரு ஸ்பீக்கர் போடலாம்" என்று ஆசைப்பட்டுச் செட்டை எரித்தவர்கள் இந்தக் கணக்கை மறந்தவர்கள்தான்.

முதுகில் எண் அழிந்துபோயிருந்தால், மெக்கானிக்கின் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 6 அல்லது 7 என்று காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 அல்லது மூன்றரை காட்டும். முள் அசையாவிட்டால் கம்பிச் சுருள் அறுந்திருக்கலாம்.

கடல் காற்று செய்யும் வேலை

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரை. உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது. ஸ்பீக்கரை மட்டும் விட்டுவைக்குமா?

கூம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது ரப்பராக இருந்தால் நெடுநாள் உழைக்கும். பஞ்சு போன்ற நுரையாக இருந்தால், ஈரத்திலும் வெப்பத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டில் உளுத்துப்போகும். விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கவேண்டும். பொடியாக உதிர்ந்தால் வளையம் மாற்றவேண்டும். மாற்ற முடியும். ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேட்கவேண்டும்.

நான்கு விரலால் கூம்பை ஒரே சீராக, மெதுவாக அழுத்தவேண்டும். சத்தமில்லாமல் போய் வந்தால் நல்லது. "கரகர" என்று உரசினால் உள்ளே சுருள் கெட்டிருக்கிறது. வயர் மாட்டும் இடத்தில் பச்சைக் களிம்பு, திருகாணியில் துரு, பெட்டியின் அடியில் ஈரத்தால் உப்பிய மரம் இவை மூன்றும் அந்தச் செட் பட்ட பாட்டைச் சொல்லும்.

100 வோல்ட் ஆபத்து

கப்பல் வரும் ஊரில் வெளிநாட்டுச் செட்டுகளும் வரும். ஜப்பான் நாட்டு மின்சாரம் 100 வோல்ட். அமெரிக்காவில் 120 வோல்ட். இங்கே 230 வோல்ட். ஜப்பானில் விற்ற செட்டை அப்படியே இங்கே பிளக்கில் சொருகினால், பாட்டு வராது, புகைதான் வரும்! பின்னால் வோல்ட் என்ன என்று படிக்காமல் வாங்கவே கூடாது. 100 வோல்ட் செட் என்றால் வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் தனியாக வேண்டும். அந்த விலையையும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அது உயிருக்கு உலை. தகர உடம்புள்ள செட்டில் மூன்று முள் பிளக் இருந்தால் எர்த் முள்ளை ஒடிக்கக்கூடாது. ஆம்ப்ளிபயரின் மூடியை வீட்டில் திறக்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். பழைய வால்வு செட்டில் அது ஆளையே கொல்லும்.

கடையில் அரை மணி நேரம்

வாங்குகிறவர் அவசரப்படக்கூடாது. வீட்டில் அடிக்கடி கேட்கும் பாட்டு ஒன்றைச் செல்போனில் கொண்டுபோகவேண்டும். பழகிய பாட்டில்தான் குறை சட்டென்று தெரியும்.

முதலில் சத்தத்தை அடியோடு குறைத்து ஸ்பீக்கரில் காதை வைக்கவேண்டும். "உம்ம்" என்று பலமாக இரைந்தால், உள்ளே கெப்பாசிட்டர் வயதாகிவிட்டது என்று சந்தேகிக்கலாம். சத்தக் குமிழைத் திருகும்போது "கர் கர்" என்றால் பயமில்லை. பெரும்பாலும் தூசிதான், சுத்தம் செய்தால் சரியாகும். இடது, வலது இரண்டும் ஒரே அளவு பாடவேண்டும். அரை மணி நேரம் ஓடிய பிறகு பெட்டி வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாமல் கொதிக்கக்கூடாது. தீய்ந்த வாடை வந்தால் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும்.

வீட்டில் மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிவிட்டால் தபலா, டிரம் ஒலி மெலிந்துபோகும். நிறம் அழிந்திருந்தால் ஒன்றரை வோல்ட் பேட்டரி ஒன்று போதும். ஒரு கணம் தொட்டு எடுக்கவேண்டும். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் முனை தொட்ட இடம்தான் ஸ்பீக்கரின் பிளஸ்.

5,000 ரூபாயை எப்படிப் பங்கிடுவது?

காது கேட்பது ஸ்பீக்கரைத்தான். ஆகவே பாதிப் பணம், அதாவது 2,500 ரூபாயை ஸ்பீக்கருக்கு ஒதுக்கலாம். 1,500 ரூபாய் ஆம்ப்ளிபயருக்கு. மீதி 1,000 ரூபாயை உடனே செலவழிக்கக்கூடாது. அது வயர், பிளக், மெக்கானிக் கூலிக்கு. பழைய சாமானுக்குச் சிறு பழுது வந்தே தீரும். அந்த 1,000 ரூபாயையும் சேர்த்துப் பெரிய பெட்டியாக வாங்கியவர் வீட்டில், பெட்டி அலங்காரப் பொருளாக நிற்கும்.

தங்கம் போல மின்னும் விலை உயர்ந்த வயர் தேவையில்லை. சாதாரணத் தாமிர வயர் போதும். காசில்லாமல் ஒரு நன்மையும் செய்யலாம். இரண்டு ஸ்பீக்கர்களையும் உட்கார்ந்தவரின் காது உயரத்தில், சரிசமமான தூரத்தில், சுவர் மூலையை விட்டுத் தள்ளி வைத்தால் பாட்டுத் தெளிவாகும்.

ஒரு செட் வந்தபின் அடுத்த வீட்டையும் நினைக்கவேண்டும். வீடுகள் சுவரோடு சுவராக உள்ள தெருவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை உண்டு. இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிறவர் உண்டு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்திருக்கின்றன. நல்ல செட்டுக்கு அடையாளம், மெதுவாக வைத்தாலும் எல்லா வாத்தியமும் கேட்பதுதான்.

விற்பவருக்கும் கடமை உண்டு

எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. பழைய சாமான் வியாபாரி செய்வது நல்ல தொழில். ஒரு செட்டைப் பழுது பார்த்து விற்றால், குப்பைமேட்டுக்குப் போகும் ஈயமும் பிளாஸ்டிக்கும் அவ்வளவு குறைகிறது. கொடுங்கையூர் குப்பைமேட்டின் புகையைச் சுவாசித்த வட சென்னைக்கு இது நன்றாகத் தெரியும்.

ஆனால் "வாங்கினால் வாங்கு, கேள்வி கேட்காதே" என்பது வியாபாரமல்ல. செட்டை ஓட்டிக் காட்டவேண்டும். வோல்ட், ஓம், உண்மையான வாட் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தரவேண்டும். ஒரு வாரமாவது திருப்பிக் கொள்ளும் தவணை தரவேண்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் விற்பதை முறையற்ற வியாபாரம் என்றே சொல்கிறது. சீட்டுக் கொடுக்கிற கடைக்கு ஒருமுறை வந்தவர் மறுமுறையும் வருவார். நாலு பேரையும் கூட்டி வருவார்.

டோல்கேட் என்றால் சுங்கச்சாவடி. சாலைக்குக் கட்டும் சுங்கத்தால் சாலையாவது கிடைக்கும். அறியாமைக்குக் கட்டும் சுங்கத்தால் எதுவும் கிடைக்காது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் பெட்டியைத் திருப்பி அந்த மூன்று எண்களைப் படித்துவிடலாம். அப்பா படிக்கத் தயங்கினால் பிள்ளை படிக்கட்டும்!

அப்படி வாங்கிய செட், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டிக்குப் பிடித்த பாட்டைப் பாடும். மூன்றாம் நாளும் பாடும். மூன்றாம் ஆண்டும் பாடும்.