பட்டாம்பூச்சி வேணும், புழு வேணாமாம்!

போன ஞாயித்துக்கிழமை எங்க நகர் நலச்சங்கக் கூட்டம். பேச வேண்டிய விஷயங்கள்ல மூணாவதா, "பூங்காவில் பட்டாம்பூச்சித் தோட்டம் அமைத்தல்"னு போட்டிருந்தது. படிச்சதும் முதல்ல கை தட்டினது நான்தான். அப்புறம்தான் விவரம் சொன்னாங்க. பூங்காவை ஒட்டின காலி மனையில இருக்கிற எருக்குப் புதரையெல்லாம் பொக்லைன் விட்டு வழிச்சு எடுத்துடுவாங்களாம். அந்த இடத்துல கொரியன் புல், குரோட்டன்ஸ், தொட்டியில கலர் கலரா பூச்செடி. நடுவுல ஆளுயரத்துக்கு ரெண்டு சிமெண்ட் பட்டாம்பூச்சி, பிள்ளைங்க நின்னு ஃபோட்டோ எடுத்துக்க. கடைசியா பெருமையா ஒண்ணு சொன்னாங்க பாருங்க... "மாசத்துக்கு ஒரு தடவை மருந்தடிக்க ஆள் பேசியாச்சு. ஒரு புழு பூச்சி அண்டாது!"

எழுந்து கேட்டேன். "சார், புழு இல்லாம பட்டாம்பூச்சி எங்கேர்ந்து வரும்?"

ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒருத்தர், "அதெல்லாம் தானா வரும் மேடம், பூ இருந்தா போதும்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் அசட்டுச் சிரிப்பு சிரிச்சுட்டு உக்காந்துட்டேன். ஆனா அந்த "தானா வரும்" ரெண்டு நாளா மண்டைக்குள்ள குடையுது. அதான் இங்கே வந்து கொட்டறேன். பொறுத்துக்குங்க.

அவரைத் திட்டறதுக்கு முன்னாடி என் கதையைச் சொல்லிடறது நியாயம். நானும் கொலைகாரிதான்.

எங்க வீட்டுப் பின்பக்கம் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கு. இடுப்பு உயரம் இருந்தப்போ, வாரம் ஒரு தடவை இலையெல்லாம் மொட்டையாகி ஈர்க்கு மட்டும் நிக்கும். தேடிப் பார்த்தா விரல் நீளத்துக்குக் கொழுகொழுன்னு பச்சைப் புழு. ஒரு குச்சியால தட்டி சோப்புத் தண்ணி வாளியில போடறது என் ஞாயித்துக்கிழமை வேலை. அதே நேரத்துல முன்பக்கம் இட்லிப்பூச் செடி, செம்பருத்தி, பென்டாஸ்னு வாங்கி வச்சு, "ஏங்க, ஒரு பட்டாம்பூச்சி கூட வரமாட்டேங்குதே"ன்னு வீட்டுக்காரர்கிட்ட புலம்பல் வேற. பின்பக்கம் வாளியில முக்கிக் கொன்னுட்டு, முன்பக்கம் வரலையேன்னு அழுத அறிவாளி நான் :-)

என் கண்ணைத் திறந்தது எங்க வீட்டு கரண்ட் மீட்டர் பெட்டி. அதோட கதவுல ஒருநாள் பச்சையா ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தது. வாலை மரத்துல ஒட்டவச்சு, இடுப்பைச் சுத்தி ஒரே ஒரு நூலைக் கட்டிக்கிட்டு சாய்ஞ்சு நின்னது. தென்னை மரம் ஏறுறவர் இடுப்புக் கயித்துல சாய்வாரே, அச்சு அசல் அதே மாதிரி. என் வாளிக்குத் தப்பிச்ச ஒரு பச்சைப் புழுதான் அங்கே போய்க் கூட்டுப்புழுவாகியிருக்கு. எனக்கு அப்போ அது தெரியாது. என்னமோ இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

பத்து நாள் கழிச்சு ஒரு காலையில காபி டம்ளரோட போய்ப் பார்த்தா, கூடு கறுத்துப் போயிருந்தது. செத்துடுச்சுன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பார்க்கிறேன், முதுகு பிளந்து ஒண்ணு வெளியே வருது. றெக்கையெல்லாம் ஈரத் துணி மாதிரி சுருங்கியிருந்தது. மெதுவா, மெதுவா விரியுது. கறுப்பு றெக்கை, பின்றெக்கையில குறுக்கே வெள்ளைப் பொட்டு வரிசை. முழுசா காயறதுக்குள்ள என் காபி ஆறி ஆடை படிஞ்சுடுச்சு. ஒரு தடவை படபடன்னு அடிச்சுப் பார்த்துட்டுக் கிளம்பி, நேரா முன்பக்கம் இட்லிப்பூவுக்குப் போச்சு.

அந்த நிமிஷம்தான் உறைச்சது. வாளியில இதுவரைக்கும் எத்தனை போட்டிருப்பேன்?

அதுக்கப்புறம் வாளியை விட்டுட்டு நோட்டு எடுத்தேன். பார்த்ததைச் சொல்றேன். தாய்ப் பட்டாம்பூச்சி கண்ட இடத்துல முட்டை போடறதில்லை. இலை மேல உக்காந்து முன்னங்காலால தட்டித் தட்டிப் பார்க்கும். அதுக்குக் காலுதான் நாக்கு. கறிவேப்பிலையா, எலுமிச்சையா, நாரத்தையான்னு ருசி பார்த்து, சரின்னா ஒண்ணே ஒண்ணு வச்சுட்டுப் போகும். கடுகை விடச் சின்னதா வெளிர் மஞ்சள் உருண்டை. மூணு நாலு நாள்ல பொரியும். முதல்ல வர்ற குட்டிப் புழுவைப் பார்த்தா காக்கா எச்சம்னே நினைப்பீங்க. அதான் அதோட தந்திரம், எச்சத்தை எந்தப் பறவை கொத்தும்? நாலு தடவை தோலை உரிச்சதும் பச்சைக்கு மாறி இலையோட இலையா ஒளியும். சும்மா தொட்டுப் பாருங்க, தலைக்குப் பின்னாலேர்ந்து சிவப்பா ரெட்டைக் கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். முட்டையிலேர்ந்து றெக்கை வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மாசம்.

இந்த ஒரு மாசத்துல பூவோட வேலை எதுவுமே இல்லை. கவனிச்சீங்களா? முழுக்க இலைதான்.

அதனாலதான் சொல்றேன், பூ பட்டாம்பூச்சிக்கு டீக்கடை மாதிரி. வரும், ஒரு டீ குடிக்கும், போகும். டீக்கடையில யாரும் பிள்ளை பெத்து வளர்க்கிறதில்லை. ஊர் முழுக்க டீக்கடையா திறந்து வச்சுட்டு வீட்டையெல்லாம் இடிச்சா, டீ குடிக்க யார் வருவா?

நம்ம சங்கம் இடிக்கப்போற "வீடு" எருக்கு. வெந்தய வரியன்னு ஒரு பட்டாம்பூச்சி, ஆரஞ்சு நிறம், றெக்கை ஓரம் கறுப்பு, அதுல வெள்ளைப் புள்ளி. நீங்க கட்டாயம் பார்த்திருப்பீங்க. அதோட புழு எருக்கை விரும்பித் தின்னும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள்னு பட்டை போட்ட புழு. எருக்கம்பால்ல இருக்கிற விஷத்தை உடம்புல சேர்த்து வச்சுக்கும், பட்டாம்பூச்சியான பிறகும் அந்த விஷம் இருக்கும். ஒரு தடவை தின்னு வாந்தியெடுத்த பறவை மறுபடி கிட்டப் போகாது.

எருக்கு மட்டுமில்லை. அரளியில வேறொண்ணு, சரக்கொன்றையில வேறொண்ணு. ஆடுதீண்டாப்பாளைன்னு தரிசுல படர்ந்து கிடக்குமே, ஆடு கூட தீண்டாதுன்னு பேர்லயே சொல்லி வச்சிருக்காங்க, அதைத் தின்னுதான் சிவப்பு உடம்புக்காரி ரோஜா அழகிகள் வளருது. அதுங்களும் விஷம். என் கறிவேப்பிலைப் பட்டாம்பூச்சியில பொட்டைங்க நிறைய அந்த ரோஜா அழகி மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டுத் திரியும், "நானும் விஷம்தான்"னு பறவையை ஏமாத்த. ஆடுதீண்டாப்பாளையைக் களைன்னு அழிச்சா ரோஜா அழகி போச்சு. அது போனா வேஷத்துக்கும் அர்த்தமில்லை. ஒரு களையைப் பிடுங்கினா எத்தனை பேர் பிழைப்பு போகுது பாருங்க.

இதைச் சொன்னா நாலு ஆட்சேபணை வரும். வரிசையா பார்த்துடலாம்.

"புழு அரிக்கும், பிள்ளைங்க இருக்கிற இடம்." அரிக்கிறது கம்பளிப்பூச்சி. முருங்கை மரத்துல கும்பலா அப்பிக்கிட்டிருக்குமே, அது அந்துப்பூச்சியோட புழு. அதைக் கண்டா நானும் பத்தடி தள்ளித்தான் நிப்பேன். கறிவேப்பிலைப் புழுவுக்கும் எருக்குப் புழுவுக்கும் அரிக்கிற முடியே கிடையாது. யாரோ செஞ்ச குத்தத்துக்கு யாரையோ தூக்குல போடறோம்.

"எருக்கு வீட்டுக்கு ஆகாது." பிள்ளையார் சதுர்த்தியன்னிக்கு எருக்கம்பூ மாலைக்காக அலையறதும் நாமதானே? பிள்ளையாருக்கு ஆகுமாம், பூங்காவுக்கு ஆகாதாம். ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன். எருக்கம்பால் கண்ணுல பட்டா ஆபத்து. அதனால பிள்ளைங்க விளையாடற இடத்தை விட்டுத் தள்ளி, வேலி ஓரமா இருக்கட்டும். அதுக்காக வேரோட பிடுங்கணுமா?

"பாம்பு வரும்." அந்த மனையில கட்டட இடிபாட்டையும் மிச்சம் மீதி சாப்பாட்டையும் கொட்டறது யாரு? எலி வரும், எலிக்காகப் பாம்பும் வரும். அள்ள வேண்டியது குப்பையை. எருக்கை இல்லை.

"நாங்க ரசாயனம் அடிக்கலை, வேப்பெண்ணெய்தான், இயற்கை!" இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. வேம்புல இருக்கிற சத்து, புழுவைத் தோல் உரிக்க விடாம பண்ணித்தான் கொல்லுது. இயற்கையான சாவு, அவ்வளவுதான் வித்தியாசம். காய்கறிக்கு அடிங்க, வேணாங்கலை. விவசாயி பிழைக்கணும். ஆனா "பட்டாம்பூச்சித் தோட்டம்"னு போர்டு மாட்டிட்டு அதுக்குள்ள அடிக்காதீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். வருஷா வருஷம் மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்துக்கு நம்ம நகர்ல மரப்பெட்டி மாட்டறோம். 2010லேர்ந்து ஊர் உலகமெல்லாம் கொண்டாடற தினம், நல்ல விஷயம். ஆனா குருவிக் குஞ்சுக்கு அம்மா எதை ஊட்டும்? அரிசியா? புழு பூச்சிதான். பெரிய குருவிதான் தானியம் தின்னும். பெட்டியை மாட்டிட்டுப் புழுவைக் கொல்றது, தொட்டிலை வாங்கி வச்சுட்டுப் பாலை நிறுத்தற மாதிரி.

தமிழ்நாட்டுக்குன்னு ஒரு மாநிலப் பட்டாம்பூச்சி இருக்கு. 2019ல தமிழ் மறவனை அறிவிச்சாங்க. எங்க ஊர்க்காரங்களுக்கு இன்னும் பெருமை, ஸ்ரீரங்கத்துப் பக்கம் மேலூர்ல 2015லேர்ந்து பெரிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவே இருக்கு. லீவு நாள்ல டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோட போறோம், செல்ஃபி எடுக்கறோம். அங்கே போனா பூவை மட்டும் பார்க்காதீங்க, இலையையும் பாருங்க. புழு தின்னு ஓட்டை போட்ட இலை கண்ணுல படும். அந்த ஓட்டை இல்லைன்னா அந்தப் பூங்கா இல்லை.

அப்புறம் அந்த வாட்ஸப் கதை. கூட்டிலேர்ந்து வெளிய வரக் கஷ்டப்பட்ட பட்டாம்பூச்சிக்கு ஒருத்தர் கத்தரியால வெட்டி உதவினாராம், அது பறக்க முடியாமயே போச்சாம், ஆகவே போராட்டமே வாழ்க்கை... இதை அனுப்பாத ஆளே எங்க சங்கத்துல கிடையாது. கூட்டுப்புழுவை நேர்ல பார்த்தவங்க எத்தனை பேர்னு கேட்டுப் பாருங்க. அதுகிட்டேர்ந்து நமக்குப் பாடம் மட்டும் வேணும். அது உயிரோட இருக்கணும்கிறது வேணாம்.

நான் கேட்கிறது ரொம்பப் பெரிசு இல்லை. கறிவேப்பிலை ரெண்டு வைங்க, ஒண்ணு சாம்பாருக்கு, ஒண்ணு அதுங்களுக்கு. மொட்டையாச்சேன்னு பதறாதீங்க, கறிவேப்பிலை மறுபடி துளிர்க்கும். என் செடி இப்போ என்னை விட உயரம். எல்லாப் புழுவும் பிழைக்கிறதும் இல்லை. குளவி, பல்லி, தையல்சிட்டுன்னு ஆளாளுக்குப் பங்கு வாங்கிட்டுப் போயிடும். இந்த வருஷம் என் நோட்டுல எழுதின முட்டை 23. றெக்கை விரிச்சுப் போனது 4. பாதியை வீட்டுப் பல்லியே பார்த்துக்கிச்சு. அவ்வளவு வரி கட்டற ஜீவனுக்கு நாம வேற எதுக்கு மருந்தடிக்கணும்?

கூட்டம் முடிஞ்சு மறுநாள் செயலாளர் சாரைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போய் எருக்கு இலையைத் திருப்பிக் காட்டினேன். பட்டை போட்ட புழு பதினொண்ணு எண்ணினோம். ஒரு இலைக்கு அடியில வெளிர் பச்சையில, தங்கப் பொட்டு வச்ச ஒரு கூட்டுப்புழு. நகைக்கடைத் தோடு மாதிரி தொங்குது. மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தார். "இது இங்கேயேவா இருந்துச்சு?"ன்னார். "தானா வந்துச்சு சார்"னேன் :-)

ஒரு மாசம் டைம் கேட்டேன். பொக்லைனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சாம், ரெண்டு வாரம் தள்ளி வச்சிருக்கார். பெரிய புழுவெல்லாம் அதுக்குள்ள ஒருவேளை கரையேறிடும். நேத்துப் பொரிஞ்ச குட்டிங்களுக்குப் பத்தாது. அதனால வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல மறுபடி எழுந்து நிக்கப்போறேன். சிரிச்சா சிரிக்கட்டும், இந்தத் தடவை உக்காரப் போறதில்லை.

நீங்களும் போய் உங்க கறிவேப்பிலையை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. வாளி இல்லாம.