பல் டாக்டர்களின் ஒரு வரி "ராண்டம்" கதை

"நோயாளிகள் ராண்டமாக இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்." பல் மருத்துவ ஆய்விதழ்களைப் புரட்டினால் இந்த மாதிரி வரி அடிக்கடி கண்ணில் படும். எப்படிப் பிரித்தார்கள்? கம்ப்யூட்டர் கொடுத்த எண்களா, சீட்டுக் குலுக்கலா, இல்லை திங்கட்கிழமை வந்தவருக்குப் புது மருந்து, செவ்வாய்க்கிழமை வந்தவருக்குப் பழைய மருந்தா? அதைப் பற்றி மூச்!

இது அற்ப விஷயம் அல்ல. அடுத்த ஆள் எந்தக் குழுவுக்குப் போகிறார் என்று டாக்டருக்கு முன்பே தெரிந்துவிட்டால், ஈறு ஓரளவு நன்றாக இருப்பவரைப் புது மருந்துப் பக்கம் தள்ளத் தோன்றும். அயோக்கியத்தனம் கூட வேண்டாம், ஆசை போதும். 1995-ல் கென்னத் ஷுல்ஸ் குழுவினர் கர்ப்பம், பிரசவம் தொடர்பான 250 பரிசோதனைகளை அலசினார்கள். இந்த ஒதுக்கீட்டைச் சரியாக மறைக்காதவை, ஆட்ஸ் ரேஷியோ கணக்கில், சிகிச்சையின் பலனை 41 சதவீதம் ஊதிக் காட்டின. பல் என்று வந்தால் மட்டும் மனித மனசு வேறு மாதிரி வேலை செய்யுமா என்ன?

பல்லுக்கென்றே தனி வில்லங்கமும் உண்டு. 20 பேரிடம் ஆளுக்கு 10 பல் பார்த்துவிட்டு 200 என்று கணக்கு எழுதுவது! ஒரே வாயில், ஒரே எச்சிலில் ஊறுகிற பற்கள் எப்படித் தனித்தனி சாட்சிகள் ஆகும்? வாயின் இடப்பக்கம் ஒரு மருந்து, வலப்பக்கம் இன்னொன்று என்று "ஸ்ப்ளிட் மவுத்" முறையில் செய்யும்போது, இந்தப் பக்க மருந்து அந்தப் பக்கம் போகாமல் எப்படித் தடுத்தார்கள் என்றாவது சொல்ல வேண்டாமா? இதற்கென்றே 2017-ல் கன்சார்ட் நெறிமுறையில் தனி இணைப்பு வந்தது.

விளைவு என்ன? பல்லிடுக்கில் நூல் விடும் ஃபிளாஸிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் காக்ரேன் ஆய்வுக்குக் கிடைத்தவை 12 பரிசோதனைகள். அவற்றில் 7-ல் ஒருதலைச் சார்பு இருக்கிறதா என்றே தெளிவில்லை, 5-ல் அந்த அபாயம் அதிகம். நம்பிக்கையாகக் கைகாட்ட ஒன்று கூட இல்லை. சொத்தை குறைந்ததா என்று ஒரு பரிசோதனையும் சொல்லவில்லை. 2016-ல் அசோசியேட்டட் பிரஸ் இந்த ஆதாரப் பஞ்சத்தைச் செய்தியாக்கியதும் ஊரே சிரித்தது. நூல் உபயோகமற்றது என்று அதற்கு அர்த்தமில்லை. தெரியவில்லை என்றுதான் அர்த்தம். இத்தனை வருடம் வாயைத் திறந்து காட்டிய நோயாளிகளுக்கு இதுதான் மரியாதையா?

பக்கம் போதாது என்பது அச்சு இதழ் காலத்துச் சாக்கு. இணையத்தில் இணைப்பாகப் போட என்ன செலவு? 1996-ல் வந்த கன்சார்ட் பட்டியல் 2001, 2010, 2025 என்று மூன்று முறை திருத்தப்பட்டுவிட்டது. அதை நிரப்பி அனுப்பச் சொல்லும் இதழ்கள் நிறைய. கட்டுரையாளரும் "பக்கம் 4" என்று எழுதி அனுப்பிவிடுகிறார். நாலாம் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய எடிட்டர்தான் அதைச் செய்வதில்லை. அங்கே இருப்பது அதே ஒரு வரி.