திறமை இருந்தால் போதுமா?

"திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம்." வகுப்பில் நாங்கள் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, அடிக்கடி சொல்வதுதான். பொய்யில்லை. ஆனால் திறமையை அளக்கும் தராசு யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் நிக்கோல் ஹானா ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் 2020இல் புலிட்சர் பரிசு வென்றார். அடுத்த வருடம், அவர் படித்த வட கரோலினாப் பல்கலைக்கழகமே அவரை இதழியல் பேராசிரியராக அழைத்தது. அதே பதவிக்கு அங்கே முன்பு வந்தவர்களுக்கு நிரந்தர நியமனம் கிடைத்திருந்தது. இவருக்கும் அதைக் கொடுக்கும்படி சக பேராசிரியர்கள் சிபாரிசு செய்தார்கள். கிடைத்ததோ ஐந்து வருட ஒப்பந்தம். நிர்வாக சபை விடயத்தை வாக்கெடுப்புக்கே எடுக்கவில்லை.

அவருடைய எழுத்தைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. அப்படியென்றால் வாக்கெடுத்து மறுத்திருக்கலாம். கோப்பை மூடி வைப்பது என்ன நியாயம்?

பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு, 2021 ஜூன் 30இல் 9க்கு 4 என்ற வாக்குகளில் நிரந்தர நியமனம் கொடுத்தார்கள். அவர் அதை ஏற்கவில்லை. கறுப்பினத்தவரின் கல்விக்குப் பேர்போன ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

அவர் பிரபலம். அதனால் நாடே பேசியது. பெயர் தெரியாத ஒரு விரிவுரையாளருக்காக யார் பேசுவார்கள்?

அமாடோ படில்லா என்ற ஸ்டான்போர்ட் பேராசிரியர் 1994இல் 'பண்பாட்டு வரி' என்று ஒன்றைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு குழுவிலும் சிறுபான்மையினர் ஒருவர் இருக்க வேண்டும், கூப்பிடு அவரை. பெண் ஒருவரும் வேண்டுமா? அதற்கும் அவரையே கூப்பிடு. நிறத்தால் ஒதுக்கப்பட்ட மாணவி அழுதுகொண்டு போய் நிற்பதும் அவருடைய கதவடியில்தான். தன்னைப் போன்ற ஒருவரைத்தானே பிள்ளை தேடும்? ஆசிரியர்களான எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இத்தனைக்கும் நேரம் கொடுத்தவர் பதவி உயர்வுக்குப் போனால் முதலில் வரும் கேள்வி: "எத்தனை ஆய்வுக் கட்டுரை?" அந்த மாணவி படிப்பை விடாமல் பட்டம் வாங்கியது எந்தப் பத்தியிலும் வராது. பல்கலைக்கழகமோ அவருடைய படத்தைப் போட்டு, "எங்களிடம் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள்" என்று விளம்பரம் செய்யும்.

அவர்கள் சலுகை கேட்கவில்லை. செய்த வேலையை வேலையாகக் கணக்கில் எடுங்கள் என்கிறார்கள். மற்றவருக்குப் பிடித்த அளவுகோலையே எங்களுக்கும் பிடியுங்கள் என்கிறார்கள். இதில் கூடுதலாக என்ன இருக்கிறது?

பெண் பிள்ளைகளைப் படிக்கச் சொல்வது எங்கள் கடமை. படித்து வந்தவளை நியாயமாக அளப்பது நேர்முகத் தேர்வு மேசையில் இருப்பவர்களின் கடமை. ஒன்று நடந்து மற்றது நடக்காவிட்டால், பிள்ளைகளுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கை வேறு யாரோ மீறுகிறார்கள்.

பல்கலைக்கழகங்களில் இருக்கும் சகோதரிகளே, உங்கள் அனுபவம் என்ன? எழுதுங்கள். நாங்களும் தெரிந்துகொள்கிறோம்.